தலைப்பை வெட்டிய தாள்

கணினிக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும் சரிபார்ப்புத் தாளுக்கு ஏன் தலைப்பு இல்லை என்று, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நீங்கள் இரண்டு பேரும் தனித்தனியாக வந்து கேட்டீர்கள். நான்காவது வரி ஏன் அடிக்கப்பட்டிருக்கிறது என்றும் கேட்டீர்கள். பழைய கதை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

இந்த மாதக் கடைசியோடு நான் இங்கிருந்து போகிறேன். ஒப்படைக்க வேண்டியவற்றை இரண்டு பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, பிரிண்டர் நின்றால் எந்தப் பக்கம் தட்ட வேண்டும், எந்த வாடிக்கையாளருக்குப் படம் புரியும், எவர் புரிந்ததுபோல் தலையாட்டுவார், எல்லாம் அதில் உண்டு. இது மூன்றாவது பக்கம். பணி அனுபவம் எழுத முப்பத்தொரு வயது போதாதுதான். ஆனாலும் ஒன்பது வருடம் இந்தப் பட்டறை மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். நம் சோளக்காட்டு பஸ் நிறுத்தத்தில் எந்த டிரைவர் எவ்வளவு நேரம் டீ குடிப்பார் என்பதுவரை தெரியும். என்னைப் பற்றி இன்னும் நீங்கள் தெரிந்துகொள்ளாத ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் வேலையைப் பற்றிக் கொஞ்சம். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் கதைக்கு வேண்டும். இந்த மலையில் பாதி வீடுகள் ரோட்டுக்குக் கீழே இருக்கின்றன. ரோட்டோரக் கற்கட்டைத் தாண்டி இறங்கத்தான் நாம் இரும்புப் படி செய்கிறோம். கீழே வெல்டிங் மெஷினைக் கொண்டுபோக முடியாது. கொண்டுபோனாலும் அங்கே வருகிற கரண்ட் அதை ஓட்டாது. அதனால் எல்லாவற்றையும் நம் பட்டறையிலேயே வெட்டி, துளை போட்டு, பெயின்ட் அடித்து, துண்டு துண்டாகத் தலைச்சுமையில் இறக்கி, அங்கே போல்ட் போட்டு முடுக்குகிறோம். மலைக்குக் கீழே சமவெளியில் இருக்கும் பட்டறைக்காரர்கள் ஓர் அங்குலம் தப்பினால் அங்கேயே வெட்டி ஒட்டிக்கொள்வார்கள். நமக்குத் தப்பும் தலைச்சுமையாகத்தான் இறங்கும், தலைச்சுமையாகத்தான் ஏறும்.

இன்னொன்று, சரிவில் நின்றுகொண்டு உயரத்தை நேராக அளக்க முடியாது. சரிவின் மேலேயே டேப்பை இழுத்து நீளம் எடுக்கிறோம், கோணம் எடுக்கிறோம். நீளத்தைக் கோணத்தின் சைனால் பெருக்கினால் உயரம். நம் படிகள் மேல் துண்டு, கீழ்த் துண்டு, நடுவில் ஒரு மேடை என்று மூன்றாக வரும். கீழ்த் துண்டின் உயரம்தான் நடு மேடைக் கால்களின் உயரம். அந்தக் கால்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

நான் சேர்ந்த வருடம் ஒரு கைப்பிடியை வலது இடது மாற்றி வரைந்துவிட்டேன். கீழேயிருந்து மேலே பார்த்து அளவெடுத்துவிட்டு மேலேயிருந்து கீழே பார்த்து வரைந்திருந்தேன். கைப்பிடி சுவர்ப்பக்கம் போய்விட்டது. ஓனர் கோபிக்கவில்லை. "ஏங்கண்ணு, நீ ஏறறயா எறங்கறயான்னு முடிவு பண்ணீட்டு வரஞ்சிருக்கலாமில்ல" என்று மட்டும் சொன்னார். குண்டனி நாடு என்ற மலையூரிலிருந்து வந்த, டிப்ளமோ முடித்த, வேறெங்கும் வேலை பார்த்திராத பெண்ணுக்கு அந்தக் 'கண்ணு' எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. நாலு வருடம் இந்த மாடியில் நான் ஒருத்திதான் கண்ணு.

ஐந்தாவது வருடம் ரெஹானா வந்தாள்.

அடிவாரத்து ஊரில் அவளுடைய அத்தாவுக்கு ஹார்டுவேர் கடை. தினமும் காலை பஸ்ஸில் ஏறி, அத்தனை வளைவுகளிலும் தலை சுற்றி, கையில் ஓர் எலுமிச்சம்பழத்தோடு வெளுத்த முகத்துடன் வந்து இறங்குவாள். அரை மணி நேரம் பேசமாட்டாள். பிறகு நான் இரண்டு நாளில் வரைவதை மத்தியானச் சாப்பாட்டுக்குள் வரைந்துவிட்டு, "அக்கா, இத ஒருக்காப் பாத்துச் சொல்றீங்களா?" என்பாள். சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அதுதான் எனக்கு ஆகவில்லை.

எதற்கெல்லாம் பொறாமைப்பட்டேன் என்று வரிசையாகச் சொல்ல முடியும். எனக்கு எல்லாமே வரிசைதான். அவளுடைய வேகம். விசைப்பலகையைப் பார்க்காமல் ஓடும் விரல்கள். தெரியாததைத் தெரியாது என்று சிரித்துக்கொண்டே சொல்வது. பட்டறை மேஸ்திரி அவள் வரைந்த தாளை எண்ணெய்க் கை படாமல் ஓரத்தில் பிடிப்பது. பிறகு ஒருநாள் ஓனர் என் ஜன்னல் மேசையை அவளுக்கு மாற்றிக் கொடுத்தார். "பஸ்ஸுல வந்து கெறங்கிப் போயி உக்காருது. காத்து வேணும் கண்ணுக்கு. நீ உள்ளார உக்காந்துக்கம்மா." அவர் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. மறுக்க வழியில்லாத நியாயம்தான் பொறாமைக்கு நல்ல தீனி. அன்றைக்கு அவள் கண்ணு, நான் அம்மா.

அன்று மாலையே என் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து 'ரெஹானாவின் தவறுகள்' என்று தலைப்புப் போட்டேன். அடிக்கோடும் போட்டேன்.

அந்தப் பக்கம் மெதுவாகத்தான் நிறைந்தது. ஒன்று, ஏறும் பக்கம் எது என்று அம்புக்குறி போடவில்லை. இரண்டு, பெயின்ட் கனத்துக்குத் துளையில் இடம் விடவில்லை. மூன்று, ஒரே பெயரில் இரண்டு கோப்புகள். நான்கு, போல்ட்டுகளை முழுசாக வரையாமல் வெறும் கோடாக விட்டிருக்கிறாள். இப்படி ஆறு வரை. ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி. எதையும் அவளிடம் சொல்லவில்லை. சின்னதையெல்லாம் நானே சத்தமில்லாமல் திருத்திவிட்டு, திருத்தியதையும் குறித்து வைத்தேன். ஒருநாள் ஓனர் முன்னால் அந்தப் பக்கத்தை விரித்து வைக்கும் காட்சியைப் பஸ்ஸில் போகும்போது பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சமயத்தில்தான் செங்காயி அக்காவின் வேலை வந்தது. குண்டூர் நாட்டில் ரோட்டுக்குக் கீழே வீடு. மிளகு மூட்டையோடு மண் பாதையில் வழுக்கித் தொடையெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, சோளக்காட்டில் தம்பியின் பழக்கடைக்குப் பின்னாலிருந்த அறையில் தங்கியிருந்தார். கைப்பிடி வைத்த படி இல்லாமல் வீட்டுக்கு இறங்கக்கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. வீட்டுக்காரரும் இரண்டு மாடும் கீழே, அக்கா மேலே. தினமும் ஊன்றுகோலோடு பட்டறை வாசலுக்கு வந்து மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"ஏங்கண்ணு, எம் படி எதுவரைக்கும் வந்துருக்குது?"

"கம்ப்யூட்டர்ல வந்துருச்சுங்க்கா."

"அதுல ஏறி எறங்கத் தெரிஞ்சா நான் ஏஞ்சாமி இங்க நிக்கறேன்? எங்கூட்டுக்காரரு சமைக்கறத மாடு பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குதாம்."

அவர் வீட்டுச் சரிவை அளந்தது நான்தான். ஒவ்வொரு துண்டும் 2400 மில்லிமீட்டர். கோணம் முப்பத்து மூன்று டிகிரி.

அதே வாரம் ரெஹானா ஒரு வேலை செய்தாள். நம் வரைபட மென்பொருளுக்குள்ளேயே ஒரு சின்ன நிரல் எழுதினாள். நீளத்தையும் கோணத்தையும் கொடுத்தால் வெட்டுப் பட்டியல் தானாகத் தயாராகி மேஸ்திரியின் போனுக்குப் போய்விடும். நான் கையால் கணக்குப் போட்டு, அட்டவணை கட்டி, இரண்டு முறை சரிபார்க்கும் வேலை. சொல்லப்போனால் என் வேலை. ஓனர், மேஸ்திரி, நான் மூவரும் அவள் பின்னால் நின்று பார்த்தோம்.

"பழைய வேலை ஒண்ணப் போட்டுப் பாரு கண்ணு. ரெண்டாயிரத்தி நானூறு நீளம், முப்பத்தி ரெண்டு டிகிரி."

மேடைக் கால் 1323 என்று வந்தது. பழைய அட்டவணையில் 1272.

"அம்பது மில்லி கூட இருக்குதே" என்றார் மேஸ்திரி.

"காலுக்கடியில ஏத்தி எறக்கத் திருகு வெச்சிருக்கறமில்ல, அதுக்குள்ள அடங்கீரும்" என்றார் ஓனர். "அதே நீளத்துக்கு முப்பத்தி நாலு போடு."

1270.

"ஆங், இதும் பழைய அளவுக்குக் கிட்டத்துலதான் இருக்குது. இனி இந்த மாடியில பாதிப் பேருக்கு வேலையில்ல போ." ஓனர் சிரித்தார். மாடியில் இருந்ததே இரண்டு பேர்.

எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பத்திரண்டிலிருந்து முப்பத்து நான்குக்குச் சரிவு ஏறியிருக்கிறது, கால் குறைந்திருக்கிறது. செங்குத்தாகப் போகப் போக உயரம் எப்படிக் குறையும்?

மாலை பஸ்ஸில் போன் கால்குலேட்டரை டிகிரியிலிருந்து ரேடியன் என்ற இன்னொரு கோண அலகுக்கு மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அதேதான். உங்களுக்குத் தெரிந்த சங்கதியை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வரைபடத்தின் அளவுப் பெட்டியில் 33 என்று போட்டால் மென்பொருள் அதை டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். அதே மென்பொருளுக்குள் நாம் எழுதும் நிரலில் போட்டால் ரேடியன் என்று எடுத்துக்கொள்ளும். டிகிரியை π-ஆல் பெருக்கி 180ஆல் வகுத்துத்தான் கொடுக்க வேண்டும். அவள் அப்படியே கொடுத்திருந்தாள். ஆகவே படம் சரியாக இருக்கும், பட்டியல் மட்டும் தப்பும். அதிலும் ஒரு விபரீதம் இருக்கிறது. முப்பத்திரண்டு ரேடியன் என்பது ஐந்து முழு வட்டம் சுற்றிவிட்டு, தற்செயலாக நமக்கு வேண்டிய சைனுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். முப்பத்து நான்கும் அப்படித்தான் பக்கத்தில் வரும். நடுவிலிருக்கும் முப்பத்து மூன்று, ஐந்து வட்டத்துக்கு மேல் கால் வட்டம் போய்ச் செங்குத்தாக நிற்கும். சைன் ஏறக்குறைய ஒன்று. மேடைக் கால் 1307 வர வேண்டிய இடத்தில் 2400 வரும்.

பஸ் குலுங்கக் குலுங்க நோட்டில் எழுதினேன். ஏழு: நிரலில் கோணம் ரேடியனுக்கு மாற்றப்படவில்லை. 33க்கு 2400 வரும், சரியானது 1307. தேதி போட்டேன். இவ்வளவு பெரிய தவறு கிடைத்ததில் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஓர் அம்மா, "நல்ல சேதியா கண்ணு?" என்று கேட்டார்.

மறுநாள் சொல்லியிருக்கலாம். சொல்லாமலிருக்க மூன்று காரணங்களை அடுக்கி வைத்திருந்தேன். அவளே கண்டுபிடிப்பாள். மேஸ்திரி கண்டுபிடிப்பார். கடைசி நிமிடத்தில் நான் சொல்லிக்கொள்ளலாம். மூன்றும் காரணம்போலவே இருந்தன.

பத்து நாட்கள் போயின. ரெஹானா லீவில் இருந்த ஒரு மத்தியானம் மேஸ்திரி மாடிப்படி அடியில் நின்று கூப்பிட்டார்.

"ஏம்மா, செங்காயி ஊட்டுப் படிக்கு மேடைக் காலு ரெண்டாயிரத்தி நானூறுன்னு வந்துருக்குது. சாஞ்ச சட்டமும் அதே அளவு. ரெண்டும் ஒண்ணாவா இருக்கும்?"

அவர் கேட்டது எவ்வளவு துல்லியமான கேள்வி என்று பாருங்கள். என் முன்னால் அவளுடைய காலி ஜன்னல் மேசை. அதன்மேல் ஒரு வாடிய எலுமிச்சம்பழம். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"லிஸ்டுல என்ன இருக்குதோ அதுதாங்க."

"படத்த ஒருக்காப் பாக்கறயா?"

"அது ரெஹானா பாக்கற வேலைங்க."

அவர் பட்டறைக்குள் திரும்பிப் போனார். பிறகு அறுக்கும் சத்தம் கேட்டது. நான்கு கால்கள். எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து லாரியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு குண்டூர் நாட்டுக்குப் போனோம். ஓனர், மேஸ்திரி, ரெஹானா, நான், பட்டறை ஆட்கள். செங்காயி அக்கா எங்களுக்கு முன்பே தம்பியின் ஆட்டோவில் வந்து, ரோட்டோரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், புதுச் சேலை கட்டி, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்கள் ஒவ்வொரு துண்டாகத் தலையில் வைத்து மண் பாதையில் இறக்கினார்கள். மேடையைக் கால்களோடு முடுக்கி நிமிர்த்தினார்கள்.

நடு மேடை பாதி உயரத்தில் நிற்க வேண்டும். அது ரோட்டோடு ரோடாக வந்து நின்றது.

முதலில் அக்காதான் பேசினார்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. இதுல ஏறி நின்னு எங்கூட்டப் பாத்துக்கறேன். எங்கூட்டுக்காரரு கீழ நின்னு என்னையப் பாத்துக்கட்டும்."

கீழே அவர் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு மாடும் பார்த்துக்கொண்டிருந்தது. ஆட்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. மடியிலிருந்த பையை எடுத்து மண்ணில் வைத்தார்.

ரெஹானா போனில் எதையோ தட்டினாள். வளைவு எதுவும் இல்லாமலே முகம் வெளுத்தது. நேராக அக்காவின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள்.

"தப்பு என்னுதுங்க்கா. கோணத்த நான் மாத்திக் குடுக்கோணும், குடுக்கல. மேஸ்திரி மேல ஒண்ணுமில்லீங்க."

இவ்வளவுதான் சொன்னாள். ஒரு காரணமும் அடுக்கவில்லை. அந்த நிமிடத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. இப்படிச் சொல்ல இவளுக்கு எப்படி வருகிறது, எனக்கு ஏன் வராது என்று.

மேற்கே மேகம் கூடியிருந்தது. ஓனர் கேட்டார். "இப்ப என்ன பண்றது? அறுத்துப் போட்டாலும் அடித்தகட்ட யாரு இங்க பத்த வெக்கறது?"

அடித்தகடும் திருகும் காலோடு சேர்த்து வெல்டிங் செய்யப்பட்டவை. அங்கே வைத்து எதுவும் செய்ய முடியாது. கால்கள் நான்கும் மேலே ஏற வேண்டும், சோளக்காடு போக வேண்டும், அறுத்து ஒட்டித் திரும்பி வர வேண்டும். போக அரை மணி, வர அரை மணி. மழைக்கு முன்னால் முடியலாம்.

"நாளைக்கு வெச்சுக்கலாமாங்க?" என்று ஓனர் அக்காவிடம் கேட்டார்.

"நான் இன்னைக்குப் போறேன்னு தம்பி பொண்டாட்டிகிட்டச் சொல்லீட்டு வந்துட்டேனுங்க. திரும்பிப் போயி அந்த மூஞ்சியப் பாக்கறதுக்கு இங்கயே உக்காந்துக்கறேன்."

மேஸ்திரி டேப்பை எடுத்தார். "காலு எவ்வளவு வேணும்? கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

"ஆயிரத்தி முன்னூத்தி ஏழு" என்றேன்.

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. நோட்டையும் திறக்கவில்லை, போனையும் எடுக்கவில்லை. ரெஹானா அப்போதுதான் கணக்கைத் தட்டத் தொடங்கியிருந்தாள். கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். மேஸ்திரியும் பார்த்தார். பிறகு டேப்பைப் பார்த்துக்கொண்டார்.

ஓனருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. "பாத்தீங்களா, பழைய ஆளு பழைய ஆளுதான்" என்று என் பக்கம் கை காட்டினார். "இனிமே லிஸ்டெல்லாம் நீயே போடு கண்ணு. ரெஹானா படம் வரையட்டும், போதும்."

ஒரு வருடமாக நான் காத்திருந்தது இதற்குத்தான். லிஸ்ட், ஓனரின் கை, 'கண்ணு', எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. அத்தனை பேர் முன்னால் என் கையில் சூடு ஆறாத இரும்பை வைத்ததுபோல் இருந்தது.

லாரியின் முன் சீட்டில் நானும் ரெஹானாவும் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். பின்னால் கால்கள் உருண்டு சத்தம் போட்டன. இரண்டு வளைவு கடந்த பிறகு கேட்டாள்.

"எப்படிங்க்கா ஒடனே தெரிஞ்சுது?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. அளவெடுத்த அன்றைக்கே மனக்கணக்குப் போட்டேன் என்று சொன்னால் நம்பியிருப்பாள். அவள் நம்புகிறவள். நான் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவள் மடியில் வைத்தேன்.

தலைப்பைப் படித்தாள். ஒன்றிலிருந்து ஏழு வரை விரலை வைத்துப் படித்தாள். அன்றைக்கு அவளுக்குத் தலை சுற்றவில்லை.

"நாலாவது தப்பு இல்லீங்க்கா. போல்ட்ட முழுசா வரஞ்சா கோப்பு கனத்துப் போகும். வேணும்னேதான் கோடா விட்டேன்."

"சரி."

"மத்த ஆறும் சரிதான்." விரலை மறுபடி கடைசி வரியில் வைத்தாள். "ஏழாவதுக்குத் தேதி போட்டிருக்கீங்க. பன்னெண்டு நாளாச்சு."

"ஆமா."

"எங்கிட்டச் சொன்னா நான் கோவிச்சுக்குவேன்னு நெனச்சீங்களா?"

"இல்ல. நீ சந்தோசமா நன்றி சொல்லுவேன்னு நெனச்சேன். அதுதான் எனக்குப் பிடிக்கல."

டிரைவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டினார். இவ்வளவு கவனமாக அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை.

மூன்று மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டோம். மழை பெரிதாக வரவில்லை, தூறல்தான். மேடை பாதி உயரத்தில் நின்றது. மேல் துண்டும் கீழ்த் துண்டும் பொருந்தின. இருட்டுவதற்குள் செங்காயி அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து வைத்து இறங்கினார். மேடையில் நின்று மூச்சு வாங்கினார். கீழே போனதும் திரும்பிப் பார்க்கவே இல்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டினீர்களா என்று வீட்டுக்காரரைக் கேட்கும் குரல்தான் மேலே வந்தது.

அன்றைக்கே ஓனரிடம் சொன்னேன். எனக்கு முன்பே தெரியும், மேஸ்திரி கேட்டபோதும் சொல்லவில்லை என்று. அவர், "எங்கிட்டச் சொல்லி என்ன பண்றது? படி யாருதோ அவங்ககிட்டப் போயிச் சொல்லு" என்றார். லிஸ்டைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. கண்ணு என்று கூப்பிடவும் வெகு நாளானது.

அடுத்த வாரம் திருகுகளைச் சரிபார்க்கும் சாக்கில் குண்டூர் நாட்டுக்குப் போனேன். அக்கா வாசலில் மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க கொழுந்தன் பொண்டாட்டி வந்த புதுசுல, சீருக்கு வெச்ச கொழம்புல உப்பே போடல. எனக்குத் தெரிஞ்சுது. அவ பேரு கெடட்டும்னு சும்மா இருந்துட்டேன். ஊரே உக்காந்து தின்னுது."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? நானும் அதையேதான தின்னேன்." கத்தியால் படியைக் காட்டினார். "மூணாவது படி லொடலொடங்குது. அத முடுக்கீட்டுப் போ."

ரெஹானா அன்று லாரியிலேயே அந்தப் பக்கத்தைத் தனக்கு வேண்டும் என்று கிழித்து வாங்கி வைத்திருந்தாள். ஓனரிடம் காட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை அது கணினிக்கு மேலே ஒட்டியிருந்தது. நான்காவது வரியை அடித்திருந்தாள். அடியில் அவள் கையெழுத்தில் எட்டாவது ஒன்று இருந்தது, நீங்கள் தினமும் பார்ப்பதுதான்: ஒன்றையடுத்து ஒன்றாக மூன்று கோணம் போட்டுப் பார், கோணம் கூடினால் கால் உயரமும் கூட வேண்டும். மேலே தலைப்பு மட்டும் இல்லை. அதைக் கத்தரித்து, மடித்து, என் மேசையில் பேனாவுக்கு அடியில் வைத்திருந்தாள்.

இரண்டு வருடம் கழித்துக் கோயம்புத்தூரில் பெரிய இடத்துக்குப் போனாள். இப்போது அவளுக்குக் கீழே எட்டுப் பேர். செய்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமை போய்விடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். ஜன்னல் மேசை எனக்கே திரும்பி வந்த பிறகும் அது அவளுடைய மேசையாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. உங்களில் ஒருவர் மற்றவரைப் பற்றி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதத் தொடங்கியிருப்பதை நான் பார்த்தேன். தேடிப் பார்க்கவில்லை. மின்விசிறி காற்றில் நோட்டு திறந்து கிடந்தது. இதுவரை மூன்று வரிகள் இருக்கின்றன. மூன்றாவது கைப்பிடித் துளைகளைப் பற்றியது, அது உண்மையான தவறுதான். அந்தப் படி வியாழக்கிழமை வெட்டுக்குப் போகிறது.

யார் என்று நான் சொல்லப் போவதில்லை. கத்தரிக்கோல் மேல் இழுப்பறையில் இருக்கிறது. பசை அதற்குக் கீழே.